சுவரில் எழுதிய அவை

பொற்கொல்லர் பட்டடையை அறிந்தவர்கள் வெண்காரத்தை அறிவார்கள். பற்றவைக்கும் இடத்திலே அந்த வெள்ளைப் பொடியை இட்டு, ஊதுகுழலால் தீயை ஊதினால் பொன்னோடு பொன் ஒட்டிக்கொள்ளும். சித்த மருத்துவரும் அதனைப் பொரித்து மருந்தோடு கூட்டுவர். எங்கள் ஊர்த் தட்டார் பட்டடை வாசலிலே சிறுவனாய் நின்று வேடிக்கை பார்த்த எனக்கு, அந்தப் பொடி விளையும் பாலை நிலம் ஒன்றிலே, அதனை வெட்டியெடுத்தவர்களுக்காகக் கட்டிய விடுதியிலே, ஐம்பது வயது கடந்த பின்னர் ஓர் இரவு தங்க நேரும் என்று எவர் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

கடந்த மார்கழி விடுமுறையிலே, என் தமக்கையார் மகன் அழைத்ததன் பேரில் அமெரிக்கா சென்றிருந்தேன். அவன் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பொறியியலாளனாகக் கடமையாற்றுகிறான். "அம்மான், கடலைக் காட்டினால் நீங்கள் காங்கேசன்துறையைச் சொல்லுவீர்கள், மலையைக் காட்டினால் நுவரெலியாவைச் சொல்லுவீர்கள். எங்கள் நாட்டிலே இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று ஒரு சனிக்கிழமை காலை மோட்டார் வண்டியில் ஏற்றினான். பின்னிருக்கையிலே பெரிய போத்தல்களில் தண்ணீர், இரண்டு கம்பளிப் போர்வை, அவன் மனைவி கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும். பாலைவனத்துக்குப் போகிறவர் தண்ணீர் கொண்டுபோவது விளங்கியது. கம்பளி எதற்கென்று அப்பொழுது விளங்கவில்லை.

பேக்கர் என்னும் சிற்றூரிலே பெற்றோல் நிரப்பிக்கொண்டு பெருந்தெருவை விட்டு வடக்கே திரும்பினோம். அங்கிருந்து நாங்கள் தங்கவேண்டிய இடம் ஏறக்குறைய 84 மைல். இடையிலே ஊர் என்று சொல்லத்தக்கது சோசோன் ஒன்றே. மற்றையதெல்லாம் நேர்கோடாய் ஓடும் தெருவும், இருமருங்கிலும் சாம்பல் நிறத்துச் செடிகளும், அப்பால் நிறம் மாறி மாறித் தோன்றும் மொட்டை மலைகளுமே. கைத்தொலைபேசி சோசோனைக் கடக்குமுன்னரே வாய்மூடிக்கொண்டது. நான் அதற்காக வருந்தவில்லை.

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் நிலம் வகுத்தவர், பாலைக்கு நிலம் வகுத்திலர். இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் நல்லியல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை என்றார். முப்பது ஆண்டாக இதனை மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். அந்த நிலத்தைக் கண்டபோது, 'இது கெட்டு ஆன நிலமன்று. படைப்பிலேயே இப்படி ஆன நிலம். அடிகள் இதனைக் கண்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார்' என்று மருமகனிடம் கூறினேன். அவன் சிரித்தான். பனியூழிக் காலத்திலே மரணப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பேரேரியாக இருந்ததாம். மான்லி ஏரி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏரி வற்றியது, உப்பும் வெண்காரமும் எஞ்சின. 2023ஆம் ஆண்டு ஆவணியில் ஹிலரி என்னும் புயல் கொட்டிய மழையால் பள்ளத்தாக்கின் அடியிலே மீண்டும் ஓர் ஏரி தோன்றிப் பல மாதம் நின்றது. மக்கள் போய்ப் பார்த்து வந்தனர். ஆக, வென்றவர் இளங்கோவடிகளே. நான் என் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மரணப் பள்ளத்தாக்கைப் பற்றி இரண்டொரு செய்தி சொல்லிவிட்டு அப்பால் போகிறேன். அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே உள்ளது. 1913ஆம் ஆண்டு ஆடி மாதம் 10ஆந் திகதி அங்கே பதிவான 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் உலகிலே பதிவானவற்றுள் மிகுதியானதாகக் கொள்ளப்படுகிறது. ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை இரண்டு அங்குல அளவே. இப்பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, மலைக்கு அப்புறத்திலே, ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில், இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையிலே நாங்கள் தங்கிய விடுதி நிற்கிறது. இடத்தின் பெயரும் அதுவே: மரணப் பள்ளத்தாக்குச் சந்தி. முன்னாளில் அமர்கோசா என்று வழங்கியதாம். ஸ்பானிய மொழியிலே அதற்குக் கசப்பு என்பது பொருள். அப்பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரும் அமர்கோசாவே. ஓடும் என்று பழக்கத்தாற் சொல்லிவிட்டேன். அவ்வாறு தன் வழியிற் பெரும்பகுதியை மண்ணுக்குக் கீழேயே கழிக்கிறது. நெவாடாவில் எழுந்து தெற்கே வந்து, வளைந்து வடக்கே திரும்பி, பள்ளத்தாக்கின் உப்புத் தரையிலே முடிகிறது. கடலைக் காணாத ஆறு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. வெயில் அதற்குள் மஞ்சளித்து மலைமேல் ஏறிவிட்டது. முதலிற் பார்த்தபோது விடுதி என்றே தோன்றவில்லை. பகரவடிவாக மூன்று பக்கம் கட்டி ஒரு பக்கம் திறந்துவிட்ட நீண்ட தாழ்ந்த வெள்ளைக் கட்டடம். முன்னே வளைவுகள் தாங்கிய நெடுந்தாழ்வாரம். சுவரிலே இங்குமங்கும் சாந்து உதிர்ந்து உள்ளிருந்த மண் தெரிந்தது. சுடாத மண்கல்லாற் கட்டியது. ஒரு பெரிய கிராமப் பாடசாலையை விடுமுறைக் காலத்திலே பார்ப்பதுபோல் இருந்தது. கட்டடத்தின் ஒரு முனையிலே மட்டும் சற்றே உயர்ந்த மண்டபம் ஒன்று நின்றது. அதன் நெற்றியில் 'அமர்கோசா இசைநாடக அரங்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த வெட்டவெளியிலே அந்தச் சொற்களைப் படித்தபோது எவரோ விளையாட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். சுற்றிலும் குடியிருப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுக்கு அரங்கு எதற்கு?

வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் திறப்பைத் தந்து, அறையிலே தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி இல்லை என்று சொன்னார். ஏதோ குறையை ஒப்புக்கொள்வதுபோலன்றி, விருந்தின் சிறப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். பின்னர், "காலையிலே அரங்கைத் திறந்து காட்டுவோம்; பாராமற் போகவேண்டாம்" என்றார். அவ்விடுதியிலே பேய் உலாவுகிறது என்னும் கதைக்காகவே வருவோரும் உண்டாம். எங்கள் பக்கத்தறைக்கு வந்த இளந்தம்பதியர் அப்படிப்பட்டவரே என்பது அவர்கள் கையிலிருந்த கருவிகளாலே தெரிந்தது. அவர்களுக்கு அன்றிரவு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

விடுதியின் வரலாற்றைக் கூடத்துச் சுவர்ப் படங்கள் பாதியும் மருமகன் மீதியும் சொன்னார்கள். பசிபிக் கரை வெண்காரக் கம்பனியார் 1923 முதல் 1925 வரை இதனைக் கட்டினர். அக்காலத்திலே இஃது ஒரு கம்பனி ஊர். அலுவலகம், கடை, தொழிலாளர் தங்குமிடம், உணவுக்கூடம், விருந்தினருக்கு 23 அறை, எல்லாம் ஒரே கட்டடத்துள் அடங்கின. ஒரு முனையிலிருந்த மண்டபத்தின் பெயர் கோர்க்கில் மண்டபம். ஆடலும் படக்காட்சியும் வழிபாடும் ஊர்க்கூட்டமும் செத்தவீட்டுச் சடங்கும் அங்கேயே நடந்தன. புகையிரதம் ஊர் வாசலிலேயே நின்றது.

வெண்காரத்தின் கதையிலே கேட்பவர்க்கு இனிப்பது புகையிரதத்துக்கு முந்திய பகுதி. 1883 முதல் 1889 வரை, பள்ளத்தாக்கிலிருந்து மொஹாவி என்னும் புகையிரத நிலையம் வரை 165 மைல் தூரம், பாரவண்டிகளிலே வெண்காரத்தை ஏற்றிச் சென்றனர். 'இருபது கோவேறு கழுதை வண்டி' என்று அதற்குப் பேர். உண்மையிற் பூட்டியவை பதினெட்டுக் கோவேறு கழுதையும் இரண்டு குதிரையும். வண்டித்தொடரின் கடைசியிலே ஒரு தண்ணீர்த் தாங்கி. ஒருவழிப் பயணத்துக்கே பத்து நாள் செல்லுமாம். அந்த வண்டியின் படம் பின்னாளிலே சவர்க்காரப் பொடிப் பெட்டிகளில் ஏறி அமெரிக்கா முழுவதும் வீட்டுக்கு வீடு நுழைந்தது. வண்டி நின்ற பின்னரும் படம் ஓடிக்கொண்டிருந்தது என்க.

ஊர் வாழ்ந்தது சில ஆண்டே. வேறோர் இடத்திலே எளிதில் எடுக்கத்தக்க பெரும்படிவு அகப்பட்டதும், 1927ஐ ஒட்டிக் கம்பனியார் அங்கே பெயர்ந்தனர். புகையிரதம் 1940இல் நின்றது. இரண்டாவது உலகப் போர்க்காலத்திலே தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போயினர். விடுதி மட்டும் திறந்தும் மூடியும் கைமாறியும் எப்படியோ நின்றது. கோர்க்கில் மண்டபத்தின் கூரை ஒழுகியது.

இரவு வந்தது. எங்கள் அறையிலே ஒரு கட்டில், ஒரு சிறு மெத்தை, ஒரு கதிரை, வெறுஞ்சுவர். சில அறைகளின் சுவர்களிலே ஓவியம் உண்டென்று பின்னர் அறிந்தேன்; எமக்கு வாய்த்தது வெறுஞ்சுவரே. இடியப்பத்தை உண்டுவிட்டு வெளியே வந்தோம். கம்பளியின் பயன் அப்பொழுது விளங்கியது. பகலிலே சட்டையோடு நின்ற இடத்திலே பல் கிட்டியது. முகிலில்லாத, ஈரமில்லாத வானம் பகல் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் மண் தன் சூட்டை விட்டுவிடுகிறது.

நட்சத்திரங்களைப் பற்றி எழுத அஞ்சுகிறேன். எழுதியவர் பலர். ஒன்று மட்டும் சொல்வேன். எங்கள் யாழ்ப்பாணத்திலே துருவ நட்சத்திரம் வடவானின் அடியிலே, பனைமரத் தலைகளுக்கிடையே, பத்துப் பாகை உயரத்தில் ஒளிந்து நிற்பது. இங்கே 36 பாகைக்கு ஏறி நின்றது. கார்த்திகையும் உரோகிணியும் தலைக்கு மேலே. கிழக்கே திருவாதிரை செந்நிறமாய் எழுந்துகொண்டிருந்தது. பழகிய முகங்கள், இருக்கை மட்டும் மாறியிருந்தது. தூரத்திலே கயோட்டி என்னும் ஒருவகை நரி ஊளையிட்டது. பின் அதுவும் ஓய்ந்தது. அத்தகைய அமைதியை நான் முன்னர்க் கேட்டதில்லை. காதுக்குள்ளே என் இரத்தம் ஓடுவதைக் கேட்டேன்.

உறக்கம் வரவில்லை. பயணத்திலே என்னோடு எப்பொழுதும் நன்னூற் காண்டிகையுரை ஒன்று வரும், நாவலர் உரை. அதனைத் திறந்தேன். உள்ளே கடிதம் இருந்தது.

அக்கடிதத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் கல்லூரியிலே வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பண்டித வகுப்பு நடத்துகிறேன். நான் மாணவனாய் இருந்த காலத்திலே வாங்கில் இடம் பிடிக்க முந்தி வருவோம். இப்பொழுது வருவோர் மூவர். மழை பெய்தால் இருவர். ஒருநாள் எவரும் வரவில்லை. சோக்குத் துண்டைக் கையிலே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவே, இவ்வகுப்பைத் தையோடு நிறுத்திவிடலாம் என்று அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொடுக்கவில்லை. நூலுக்குள் வைத்துக்கொண்டு கடல் கடந்துவிட்டேன்.

கடிதம் இருந்த பக்கம் சிறப்புப் பாயிரம். நூல் செய்தவன் பெயர், வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும் பாயிரத்திலே சொல்லப்படல்வேண்டும் என்று பவணந்தியார் விதிக்கிறார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டுவாரும் உளர். கேட்போர் இன்னாரென்று சொல்லாதவிடத்து நூலின் முகப்பே நிரம்பாது. தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் கேட்க, அரங்கேறியதன்றோ? கேட்போர் இல்லையெனின் நூலும் இல்லை, வகுப்பும் இல்லை என்று என் கடிதத்துக்குப் பவணந்தியாரையே சாட்சியாகக் கொண்டு விளக்கை அணைத்தேன்.

காலை பத்து மணியளவில் அரங்கைத் திறந்தார்கள். வழிகாட்டி ஒரு முதிய பெண்மணி. வாயிலைக் கடந்ததும் என் கால் நின்றுவிட்டது. உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது.

மூன்று பக்கச் சுவரிலும் மாடங்கள், மாடந்தோறும் மக்கள். மேடைக்கு நேரெதிரே நடுமாடத்திலே ஓர் அரசனும் அரசியும். சூழப் பிரபுக்கள், சீமாட்டிகள், துறவியர், கன்னியாமடத்தார், காளையொடு பொரும் வீரர், நாடோடிகள். எல்லாரும் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய உடையிலே. கூரையிலே நீலவானமும் முகிலும், பழங்கால இசைக்கருவிகளை மீட்டும் மகளிரும். சுவர் தட்டையானது என்பதை அறிவு சொல்லியது; கண் ஒப்பவில்லை. கீழே நூற்றுச் சொச்சம் வெறுங்கதிரைகள். மேலே ஒரு கதிரையும் வெறிதாக இல்லை.

இதனை எழுதியவர் ஒருவரே. மார்த்தா பெக்கற் அம்மையார், 1924இல் நியூயோர்க்கிலே பிறந்தவர். அந்நகரின் ரேடியோ சிற்றி மண்டபத்துப் பாலே ஆடற்குழுவிலும், பிராட்வே நாடகங்களிலும் ஆடியவர். பின்னர்த் தனியே ஊரூராய் ஆடித் திரிந்தார். 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையை ஒட்டிக் கணவரோடு மரணப் பள்ளத்தாக்கிலே பாசறையடித்துத் தங்கியபோது, அவர்களுடைய இழுவை வண்டியின் சில்லொன்று காற்றுப் போயிற்று. அதனைச் சரிசெய்ய இந்தச் சந்திக்கு வந்தனர். கணவர் சில்லோடு நிற்க, அம்மையார் சுற்றிப் பார்க்கப் போனார். கைவிட்டுக் கிடந்த கோர்க்கில் மண்டபத்தின் பின்கதவிலே ஓர் ஓட்டை. அதற்குள்ளே கண்ணை வைத்தார். சிறு மேடை, நைந்து தொங்கும் திரை, நெளிந்த பலகைத் தளம். அப்போது அவருக்கு வயது 42. நடனமாடுவோர் ஓய்வை எண்ணும் வயது. மாதம் 45 டொலர் வாடகைக்கு, பழுதெல்லாம் தாமே பார்ப்பதென்னும் உடன்பாட்டிலே மண்டபத்தை எடுத்துக்கொண்டார். நியூயோர்க்குக்குத் திரும்பிப் பொருள்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கோப்பித் தகரப்பேணிகளை வெட்டி மேடை விளக்குச் செய்தனர். அரங்கின் பெயரை அமர்கோசா என்று மாற்றினார்.

1968ஆம் ஆண்டு மாசி மாதம் 10ஆந் திகதி முதல் ஆட்டம். வந்தவர் பன்னிருவர்.

அதன்பின் அத்தனை பேரும் வரவில்லை. வெள்ளி, சனி, திங்கள் இரவுகளிலே எட்டேகால் மணிக்குத் திரை விலகும். பல இரவுகளிலே கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. ஆயினும் ஆடினார். அவ்வாண்டிலேயே வெள்ளம் வந்து மண்டபத்துக்குள் சேறு நிறைந்தது. பாலைவன வெள்ளம் அப்படித்தான், வருவது அரிது, வந்தால் பொறுக்காது. சேற்றை வாரித் தள்ளிய பின்னர், வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றவருக்கு அவ்வெண்ணம் தோன்றிற்று: அவை வராவிடின் அவையை எழுதிக்கொள்வது. சாரங் கட்டி ஏறி, தனியே, நான்கு ஆண்டு எழுதினார். சுவர் முடிந்தது 1972இல். கூரைக்கு மேலும் இரண்டு ஆண்டு.

இந்தக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலே உருகிவிடுகிறார்கள். எனக்கு முதலில் உருகத் தோன்றவில்லை, சினந்தான் தோன்றியது. இஃது ஓர் ஏமாற்று அன்றோ? அதங்கோட்டாசான் சும்மா கேட்டிருந்தவர் அல்லர். சூத்திரந்தோறும் குற்றங் கூறினாரென்றும், தொல்காப்பியர் குற்றமில்லையென விடை கூறினாரென்றும் நச்சினார்க்கினியர் உரையிலே ஒரு வரலாறு உண்டு. அவை என்பது அது. திருவள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமும் அவையஞ்சாமை என ஓர் அதிகாரமும் வகுத்தது, அவை அஞ்சத்தக்கதாய் இருப்பதனாலே. சுவரிலிருக்கும் அரசன் கொட்டாவி விடான், எழுந்து போகான், தாளம் தப்பினாலும் முகம் சுளியான். தான் எழுதிய அவைக்குத் தானே ஆடுவது, தன் கவிக்குத் தானே சிறப்புப் பாயிரம் பாடுவது போன்றதே. இதனை மருமகனிடம் மெல்லச் சொன்னேன்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின், "அம்மான், சனம் வந்த பிறகும் அவ கீறிக்கொண்டுதானே இருந்திருக்கிறா?" என்றான்.

அதனை நான் கவனிக்கவில்லை. 1970ஆம் ஆண்டு 'நாஷனல் ஜியோகிரபிக்' இதழார் அவ்வழியே வந்தபோது, ஆளில்லாத அரங்கிலே அம்மையார் ஆடிக்கொண்டிருக்கக் கண்டனர். அவர்கள் எழுதினர், 'லைஃப்' இதழும் எழுதிற்று, உலகின் பல பகுதியிலிருந்தும் மக்கள் தேடி வரத் தொடங்கினர். அப்பொழுது சுவரோவியம் பாதியே ஆகியிருந்தது. கேட்போர் கிடைக்காமையால் எழுதியதாயின், உயிருள்ள கேட்போர் வந்ததும் தூரிகையைக் கீழே வைத்திருக்கவேண்டும். அவரோ சுவரை முடித்து, கூரைக்கும் ஏறினார். ஆகவே அவ்வோவியத்தை இல்லாமைக்கு ஈடாகச் செய்ததென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே, மாதவி ஆடிய அரங்குக்குத் தூண்நிழல் விழாவண்ணம் விளக்கு வைத்தமையும், ஓவியம் எழுதிய விதானம் கட்டியமையும் விரிவாகக் கூறப்படுகின்றன. ஆடுதற்கு முன் ஆடுகளத்தை நிறைவாக்குவது அங்கே ஒரு பெரும் பணி. சோழன் அவையிலே அதனைச் செய்யப் பலர் இருந்தனர். இங்கே ஒருவரே அனைத்துமாயினர். உடை தைத்தவர் அவர்; திரை எழுதியவர் அவர்; விதானம் எழுதியவரும் அவரே.

குற்றங் கூறும் ஆசான் எங்கே என்னும் வினா அப்படியே நின்றது. வழிகாட்டிப் பெண்மணி அறியாமலே அதற்குப் பாதி விடை சொன்னார். அவை நிறைந்த நாளிலும், எவருமே வராத நாளிலும், திரை அதே எட்டேகாலுக்கு விலகியதாம். ஆட்டத்திலே ஓர் அடியும் குறைத்ததில்லையாம். அதனைச் சொல்லும்போது அவர் மேடையைப் பார்க்கவில்லை. நடுமாடத்து அரசனைப் பார்த்தார்.

பின்வந்த வரலாறு நீண்டது. கணவர் பிரிந்து போனார். 1983 முதல் தொம் வில்லெற் என்பவர் மேடைத் துணைவராகவும் கோமாளியாகவும் சேர்ந்து, 2005இலே இறக்கும்வரை உடனிருந்தார். அவ்வூர் தேசிய வரலாற்றிடங்களின் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. அம்மையார் நிறுவிய இலாப நோக்கற்ற அமைப்பு ஊரையே வாங்கிக்கொண்டது. முதுமையிலே கால் தளர்ந்தபின், கதிரையில் இருந்தபடியே நிகழ்ச்சி நடத்தினார். கடைசி ஆட்டம் 2012 மாசி 12இல். தொடங்கி 44 ஆண்டுகளும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. 2017ஆம் ஆண்டு தை 30ஆந் திகதி, 92ஆவது வயதிலே, அச்சந்தியிலிருந்த தம் வீட்டிலேயே காலமானார்.

நான் மேடைக்கு அருகே போய்த் திரும்பி நின்று பார்த்தேன். ஏறவில்லை, ஏற எனக்கு உரிமையில்லை. அங்கிருந்து பார்த்தபோது முன்னர்ப் பாராத ஒன்றைக் கண்டேன். எழுதிய மாந்தர் மாடங்களிலும், கதிரைகள் கீழேயுமாக, இரண்டும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. கீழே ஓர் ஆள் வந்து இருந்தாலும் அவருக்கு இடம் இருக்கிறது. சுவரிலிருந்தவர்கள் யாருடைய கதிரையையும் பிடித்துக்கொள்ளவில்லை.

புறப்படும்போது மருமகன் வண்டியின் சில்லுகளைக் காலால் உதைத்துப் பார்த்தான். "காற்று இருக்கிறது, அம்மான். நீங்கள் இங்கே நிற்கத் தேவையில்லை" என்றான். தெருவுக்கு வந்தபோது எங்கிருந்தோ காட்டுக் குதிரைகள் சில குறுக்கே வந்து நின்றன. அவ்விடத்திலே அவை தம் விருப்பப்படி திரிவன. வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். அவற்றுக்கு அவசரமில்லை.

ஊர் திரும்பித் தையின் முதல் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். கடிதம் நன்னூலுக்குள் இருந்தது. கிழித்துவிட்டேன் என்று எழுத ஆசை, கிழிக்கவில்லை. அன்று பின்னேரம் மழை. மூன்றரை மணிக்குத் தொடங்கவேண்டிய வகுப்பு. மூன்றே முக்கால் மட்டும் எவருக்காகவும் காத்திருப்பது என் வழக்கம். அன்று காத்திராமல், மூன்றரைக்கே எழுந்து கரும்பலகையிலே 'கேட்போர்' என்று எழுதி, பாடத்தைத் தொடங்கினேன். பாதியிலே ஒரு மாணவி நனைந்த குடையோடு வந்து, வாசலில் நின்று, யாருக்குப் படிப்பிக்கிறேன் என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.